பின்சீட்டிலிருந்து சில பதில்கள்: டேண்டம் சைக்கிள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

11 ஆண்டுகளாக டேண்டம் சைக்கிளின் பின்சீட்டில் இருக்கிறேன். பயிற்சி, போட்டி என்று எங்கே போனாலும் ஏறத்தாழ இதே கேள்விகள்தான் வருகின்றன. வண்டியில் ஏறும் அவசரத்தில் பாதிப் பதில் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருக்கலாமே என்று பலமுறை வருந்தியிருக்கிறேன். இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

டேண்டம் என்றால் என்ன?

இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் ஒரே சைக்கிள். முன்னால் இருப்பவர் பைலட். ஹேண்டில்பார், பிரேக், கியர் எல்லாம் அவர் கையில். பின்னால் இருப்பவர் ஸ்டோக்கர். நீராவி என்ஜினில் கரி அள்ளிப் போட்டவருக்கு இருந்த பெயர் அது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான போட்டியில் பைலட்டுக்குப் பார்வை உண்டு, ஸ்டோக்கருக்கு இல்லை அல்லது குறைவு.

பின்னால் சும்மா உட்கார்ந்து வந்தாலும் வண்டி போகுமே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் என்னை அதிகம் வருத்துவதும் இந்தக் கேள்விதான்.

பைலட்டின் பெடலையும் என் பெடலையும் வண்டியின் இடப்பக்கம் ஓடும் ஒரு செயின் இணைக்கிறது. அவர் கால் சுற்றினால் என் காலும் சுற்றும். நான் நிறுத்தினால் அவரும் நிறுத்தியாக வேண்டும். இரண்டு பேரும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் மிதிக்க முடியும். ஆனால் கால் சுற்றுவது வேறு, காலில் அழுத்தம் கொடுப்பது வேறு. நான் அழுத்தாமல் காலை மட்டும் சுற்றினால், அடுத்த நொடியே பைலட்டின் தொடைக்கு அது தெரிந்துவிடும். ஒரு மூட்டையை ஏற்றி இழுப்பது போல இருக்கும் அவருக்கு. அவர் சோர்ந்தால் அதே செயின் வழியாக எனக்கும் தெரியும். ஒளிக்கவே முடியாது.

பைலட்டுக்கு மிதிப்பதோடு வேறு வேலைகளும் இருக்கின்றன. பாதை பார்க்க வேண்டும், எதிராளியைக் கவனிக்க வேண்டும், வளைவைக் கணக்கிட வேண்டும். எனக்கு அந்தச் சுமை இல்லை. ஆகவே என் முழுக் கவனமும் காலில் இருக்கலாம், இருக்க வேண்டும். இருவர் கிராங்கிலும் (பெடலைத் தாங்கும் தண்டு) சக்தி அளக்கும் கருவி மாட்டிப் பார்த்தால் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது தனித்தனியாக எழுத்தில் வந்துவிடும். ஏற்றத்தில் பல நாட்கள் என் எண்தான் பெரிதாக இருந்திருக்கிறது.

மிதிப்பது மட்டும் போதாது. வளைவில் வண்டி சாயும்போது என் உடம்பும் அதே அளவு, அதே நேரத்தில் சாய வேண்டும். பயந்துபோய் நான் நிமிர்ந்து உட்கார்ந்தால் வண்டி வளைவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகும். எழுந்து நின்று மிதிக்க வேண்டுமானால் இருவரும் ஒன்றாக எழ வேண்டும். நான் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தால்கூட முன்னால் ஹேண்டில்பாரில் அது தெரியும். இதெல்லாம் பழகவே எனக்கு ஓராண்டு ஆனது.

உங்களுக்கு எவ்வளவு தெரியும்? எவ்வளவு பார்வை இருந்தால் போட்டியிடலாம்?

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் பரம்பரை நோய். முதலில் இரவில் தெரியாமல் போனது, அப்புறம் ஓரங்கள் மறைந்தன. 15 வயதில் தனியாகச் சைக்கிள் ஓட்டுவதை நிறுத்தினேன். இப்போது நடுவில் சின்ன ஓட்டை வழியாகப் பார்ப்பது போல மங்கலாக ஏதோ தெரியும்.

போட்டியில் பார்வைக் குறைபாட்டை பி1, பி2, பி3 என்று வகைப்படுத்துகிறார்கள். பி1 என்பது பார்வை அறவே இல்லாத அல்லது ஏறக்குறைய இல்லாத நிலை. பி2-வில் பார்வைப் பரப்பு 10 பாகைக்குக் குறைவு அல்லது கூர்மை மிகக் குறைவு. பி3-இல் பரப்பு 40 பாகைக்குள். கண்ணாடி போட்ட பிறகும், இரண்டில் நல்ல கண்ணில் எவ்வளவு தெரிகிறது என்பதே கணக்கு. ஆனால் டேண்டத்தில் இந்த மூன்று வகையினரும் பி என்ற ஒரே பிரிவில்தான் மோதுகிறோம். பின்சீட்டில் எனக்கு முன்னால் தெரிவதெல்லாம் பைலட்டின் முதுகு. அதைப் பார்க்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

பயமாக இருக்காதா?

இருந்தது. முதல் மலைப்பாதை இறக்கம் இன்றும் நினைவில் இருக்கிறது. இரண்டு பேரின் எடை, ஆனால் காற்றை எதிர்ப்பது கிட்டத்தட்ட ஒருவரின் முகப்பு மட்டும்தான், ஏனென்றால் நான் பைலட்டின் மறைவில் இருக்கிறேன். அதனால் ஏற்றத்தில் மெதுவாகப் போகும் டேண்டம் இறக்கத்தில் தனிச் சைக்கிள்களைத் தாண்டிப் பாயும். காதில் காற்று இரைந்தது. பைலட் சொன்னது பாதிதான் கேட்டது. என் பக்கத்தில் பிரேக் இல்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் கீழே வந்தபோது விரல்களை விரிக்க முடியவில்லை.

பயம் எப்படிப் போனது என்று யோசித்துப் பார்த்தால், தைரியம் வந்து போகவில்லை. தகவல் வந்ததால் போனது. அடுத்த முறை அதே இறக்கத்தில் பைலட் ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே சொன்னார்: "இடது, நீளமான வளைவு. அப்புறம் உடனே வலது." வரப்போவது தெரிந்தால் உடம்பு தானாகத் தளர்ந்துவிடுகிறது.

ஓட்டும்போது என்னதான் பேசிக்கொள்வீர்கள்?

எங்கள் இருவருக்கும் ஒரு சின்ன அகராதியே இருக்கிறது. "பள்ளம்" என்றால் சீட்டிலிருந்து உடம்பைக் கொஞ்சம் தூக்கு, முழங்கையைத் தளர்த்து. "விடு" என்றால் மிதிப்பதை நிறுத்து, வண்டி தன்போக்கில் ஓடட்டும். இந்தச் சொல் மட்டும் தவறவே கூடாது. பைலட் சொல்லாமல் சட்டென்று நிறுத்தினால், ஷூ பெடலில் பூட்டியிருக்கும் என் காலை அந்தச் செயின் பிடித்து இழுக்கும். முழங்கால் தெறிக்கும். "கியர்" என்றால் ஒரு கணம் அழுத்தத்தைக் குறை, முழு அழுத்தத்தில் கியர் மாற்றினால் செயின் அறுந்துவிடலாம். "எழு" என்றால் அடுத்த சுற்றில் வலது கால் கீழே வரும்போது இருவரும் எழ வேண்டும்.

சொல் குறுகியதாக இருக்க வேண்டும், ஒன்று போல் இன்னொன்று ஒலிக்கக் கூடாது. ஆரம்பத்தில் "இடது", "வலது" என்று வைத்திருந்தோம். காற்றில் இரண்டும் ஒன்றாகவே கேட்டன. பிறகு "இடது", "ரைட்" என்று மாற்றிவிட்டோம். கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் குழப்பம் வந்ததில்லை.

நானும் பேசுவேன். பின்னால் வரும் வண்டியின் சத்தம் அவருக்கு முன் எனக்குக் கேட்கும். "பின்னால லாரி" என்று நான் சொன்ன பிறகே அவர் திரும்பிப் பார்ப்பார். இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்ந்து ஓட்டிய பிறகு பாதிப் பேச்சு குறைந்துவிடும். அவர் தோள் அசைவது கைப்பிடி வழியாகவும், அவர் மூச்சு மாறுவது காது வழியாகவும் வந்துவிடும். என் கைப்பிடி அவருடைய சீட் கம்பியில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிளம்புவதும் நிறுத்துவதும் எப்படி?

பைலட் வண்டியை இரு காலுக்கும் நடுவில் வைத்து, பிரேக்கை இறுக்கிப் பிடித்து நிற்பார். நான் முதலில் ஏறி இரண்டு காலையும் பூட்டிக்கொள்வேன். பெடலைப் பின்னோக்கிச் சுற்றி அவருக்கு வசதியான இடத்துக்குக் கொண்டுவருவேன். அவர் "போ" என்றதும் இருவரும் ஒரே அழுத்து. நிற்கும்போது நான் காலைக் கீழே வைப்பதில்லை, அவர் மட்டும் வைப்பார். அந்த நிமிடம் என் எடையும் சேர்ந்து அவர் காலில்தான். அதனால்தான் எங்கள் இருவரில் அவர் கொஞ்சம் பெரிய உடம்புக்காரர்.

பைலட் எப்படிக் கிடைப்பார்?

இந்த விளையாட்டில் உண்மையான கஷ்டம் இதுதான். ஏற்றமும் வெயிலும் பெரிய விஷயம் இல்லை.

நான் பார்வையுள்ள ஓட்டக்காரனாக இருந்தால் காலையில் எழுந்து ஷூவை மாட்டினால் போதும். எனக்கோ இன்னொருவரின் வேலை நேரம், குடும்பம், உடம்பு எல்லாம் ஒத்துவர வேண்டும். அவர் சாதாரணச் சைக்கிள்காரராக இருந்தால் போதாது. என்னைவிட வலுக் குறைந்தவராக இருந்தால் நாங்கள் இருவரும் முன்னேற மாட்டோம். மிகவும் வலுவானவராக இருந்தால் தன் சொந்தப் போட்டிகளை விட்டு ஏன் வருகிறார் என்ற கேள்வி எழும். இருவரின் மிதிக்கும் பழக்கமும் பொருந்த வேண்டும். ஒருவருக்கு நிமிடத்துக்கு 80 சுற்றும் இன்னொருவருக்கு 100 சுற்றும் பிடித்தால் நடுவில் எங்கோ சந்தித்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், விழுந்தால் என் எலும்பும் உடையும் என்பதை உணர்ந்து ஓட்டுபவராக இருக்க வேண்டும்.

என் முதல் பைலட்டோடு மூன்று ஆண்டுகள் ஓட்டினேன். வேலை மாறி வேறு ஊர் போனார். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அடுத்த எட்டு மாதம் என் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. தினமும் அதைத் தொட்டுவிட்டுப் போவேன். உடம்பில் எந்தக் காயமும் இல்லாமல், பயிற்சியில் எந்தக் குறையும் வைக்காமல், விளையாட்டை விட்டு விலகி நிற்க வேண்டி வந்தது. இந்த விளையாட்டில் இருக்கும் ஒவ்வொரு ஸ்டோக்கருக்கும் இப்படி ஒரு காலம் இருந்திருக்கும்.

இப்போதைய பைலட் என்னைவிட இளையவர், "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். சைக்கிள் பழகும் ஒரு குழுவில் நானே போய்க் கேட்டேன். "ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்" என்றேன். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது. கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் சுவரைத்தான் தொட்டுக்கொண்டிருப்பேன்.

பைலட்டுக்கும் பதக்கம் உண்டா?

உண்டு. பாராலிம்பிக்கில் மேடையில் இருவரும் ஏறுவார்கள், இருவர் கழுத்திலும் பதக்கம் விழும். ஊக்கமருந்துச் சோதனையும் இருவருக்கும் உண்டு.

பெரிய அளவில் ஓட்டியவர்களும் பைலட்டாக வருகிறார்கள். பிரிட்டனின் கிரெய்க் மக்லீன் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அணி ஸ்பிரிண்டில் வெள்ளி வென்றவர். 12 ஆண்டுகள் கழித்து லண்டன் பாராலிம்பிக்கில் ஆன்டனி காப்பஸுக்குப் பைலட்டாக ஓட்டித் தங்கம் வென்றார். அயர்லாந்தின் ஈவ் மக்ரிஸ்டல் காவல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே கேட்டி-ஜார்ஜ் டன்லெவிக்குப் பைலட்டாக இருந்தார். அந்த இணை டோக்கியோவில் சாலைப் போட்டிகள் இரண்டிலும் தங்கம் வாங்கியது.

எவ்வளவு வேகம் போவீர்கள்?

என் வேகத்தை விடுங்கள். ஸ்காட்லாந்துக்காரர் நீல் ஃபேச்சி, பைலட் மேட் ராதர்ஹாமோடு டோக்கியோ பாராலிம்பிக்கில் 1,000 மீட்டரை 58.038 வினாடியில் முடித்தார். அப்போது அது உலக சாதனை. நின்ற நிலையிலிருந்து கிளம்பி, சராசரியாக மணிக்கு 62 கிலோமீட்டர். சைக்கிளுக்கென்றே கட்டிய ஓடுதளத்தில் ஓட்டும் சைக்கிளில் பிரேக் கிடையாது, மிதிப்பதை நிறுத்தவும் முடியாது, சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றும்.

ஃபேச்சிக்கும் என்னைப் போலவே ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. 2008 பெய்ஜிங்கில் தடகள ஓட்டக்காரராகப் போனவர், பிறகு சைக்கிளுக்கு மாறினார். இதே 1,000 மீட்டரில் 2012-இல் தங்கம், 2016-இல் வெள்ளி, டோக்கியோவில் மறுபடி தங்கம். அவர் மனைவி லோரா ஃபேச்சியும் ஸ்டோக்கர்தான். டோக்கியோவில் ஒரே நாளில், ஏறக்குறைய கால் மணி நேர இடைவெளியில் இருவரும் தங்கம் வென்றார்கள். அந்தச் செய்தியை வாசித்துக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டேன்.

என்னென்ன போட்டிகள் இருக்கின்றன?

பாராலிம்பிக்கில் ஓடுதளத்தில் 1,000 மீட்டர் நேரப் போட்டியும் துரத்தல் போட்டியும். துரத்தலில் இரண்டு இணைகள் ஓடுதளத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து கிளம்பும். பாரிஸ் 2024-இல் ஆண்களுக்கு 4,000 மீட்டர், பெண்களுக்கு 3,000 மீட்டர். சாலையில் தனி நேரப் போட்டி, கூட்டமாகக் கிளம்பும் நெடும்பந்தயம். காமன்வெல்த் போட்டிகளில் டேண்டம் ஸ்பிரிண்டும் உண்டு. பார்வையுள்ள இருவர் ஓட்டும் டேண்டம் பந்தயம் 1972 மியூனிக் வரை ஒலிம்பிக்கிலேயே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

பைலட் வராத நாளில் பயிற்சி?

வீட்டுக்குள் டிரெய்னரில். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கருவியைப் பொருத்திய ஒரு சாதாரணச் சைக்கிள். போனில் இருக்கும் திரைவாசிப்பான் எண்களைப் படித்துச் சொல்லும். சக்தி, நாடித்துடிப்பு, மீதி நேரம். சில பயிற்சிச் செயலிகள் திரைவாசிப்பானோடு ஒத்துழைப்பதில்லை, பொத்தான்களுக்குப் பெயரே வைக்காமல் விட்டிருப்பார்கள். அதனால் நான் எண்களைவிட மூச்சையே அதிகம் நம்பக் கற்றுக்கொண்டேன். என் வாரப் பயிற்சியில் பாதிக்கு மேல் இந்த அறைக்குள்தான். வலு இங்கே வளரும். ஆனால் வளைவில் சாய்வதை எந்த டிரெய்னரும் சொல்லித் தராது.

வண்டியில் என்ன வித்தியாசம்?

நீளம், வலு, பிரேக். சக்கரத்தில் கம்பிகள் அதிகம். நீண்ட இறக்கத்தில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக் போட்டுக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டயரே வெடிக்கலாம், அதனால் டிஸ்க் பிரேக் நல்லது. இடப்பக்கச் செயின் தளர்ந்தால் இருவர் காலுக்கும் நடுவில் ஒரு சின்னத் தாமதம் வரும். அதை விரலால் அழுத்திப் பார்த்து நானே இறுக்குவேன். பஞ்சர் ஒட்டுவதும் நான்தான். அதற்குக் கண் வேண்டியதில்லை, டயரின் உள்பக்கம் விரலை ஓட்டினால் முள் எங்கே என்று தெரிந்துவிடும்.

உடம்பில் எங்கே வலிக்கும்?

சீட்டில்தான். தனிச் சைக்கிள்காரர் நினைத்தபோது எழுந்து நின்று ஆசுவாசப்படுத்திக்கொள்வார். நான் கேட்டுத்தான் எழ வேண்டும். புதிதாக வருபவர்கள் கூச்சப்பட்டுக் கேட்காமல் உட்கார்ந்திருந்து புண்ணாக்கிக்கொள்கிறார்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுவது என்று முன்பே பேசிவிடுங்கள்.

இன்னொன்று தூக்கம். இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். வெளிச்சமே உணர முடியாதவர்களில் பலருக்கு உடம்பின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தோடு ஒட்டாமல் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். சில வாரங்கள் இரவில் தூங்குவார்கள், சில வாரங்கள் பகலில்தான் கண் சொருகும். எங்களோடு பயிற்சி எடுத்த ஒருவரைச் சோம்பேறி என்றே பேசினார்கள். அவருக்கு இருந்தது இந்தக் கோளாறு. அப்படி இருந்தால் தூக்க மருத்துவரைப் பாருங்கள், உங்கள் பயிற்சியாளரிடமும் சொல்லிவிடுங்கள்.

விழுந்திருக்கிறீர்களா?

மூன்று முறை. ஒருமுறை ஈரமான வளைவில் சக்கரம் வழுக்கியது. விழப்போகிறோம் என்பது எனக்குத் தரையில் மோதிய பிறகுதான் தெரியும், கையை ஊன்றவும் நேரமில்லை. காறை எலும்பு உடைந்தது. பைலட்டுக்குச் சிராய்ப்புதான். ஆனால் என்னைவிட அவர்தான் அதிகம் உடைந்துபோனார். மருத்துவமனையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எலும்பு கூடிய பிறகும் அவர் வண்டியைத் தொடத் தயங்கினார். கடைசியில் நான்தான் காலியான மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், "வளைவு மட்டும் போடுங்கள், அரை மணி நேரம்" என்றேன். விழுந்த பிறகு ஸ்டோக்கருக்கு மட்டும் ஆறுதல் சொல்லாதீர்கள். பைலட்டிடமும் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

உங்களிடம் எப்படிப் பேச வேண்டும்?

நேராக என்னிடம். ஒரு போட்டியில் பதிவு மேசையில் இருந்தவர் என் பைலட்டைப் பார்த்து, "அவருக்கு நம்பர் எங்கே குத்த வேண்டும்?" என்று கேட்டார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். பைலட், "அவரிடமே கேளுங்கள்" என்றார். அன்று அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

காட்சிகளைப் பார்க்க முடியாமல் இதில் என்ன சந்தோஷம்?

மரங்கள் அடர்ந்த இடத்தில் நுழையும்போது காற்று சட்டென்று குளிர்ந்து, சக்கரச் சத்தம் அடங்கும். பாலத்தின் மேல் ஏறினால் கீழே வெற்றிடம் இருப்பது காதுக்குத் தெரியும். ஒரு சுவரைக் கடந்தால் நம் சத்தமே திரும்பி வந்து போகும். நல்ல தார்ச்சாலை தொடங்கும் இடம் உள்ளங்கையில் தெரியும். அதோடு வேகம். வெள்ளைக்கோலோடு நடக்கும்போது என் ஒவ்வொரு அடியும் எச்சரிக்கையான அடி. உடம்பின் முழு வலுவையும் தயங்காமல் செலவழிக்க எனக்குக் கிடைத்த ஒரே இடம் இந்தப் பின்சீட்.

எனக்குப் பார்வை உண்டு. பைலட் ஆக ஆசை. எப்படித் தொடங்குவது?

முதலில் நீங்கள் பின்சீட்டில் ஏறுங்கள். வேறொரு பைலட் ஓட்ட, கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் போய் வாருங்கள். அப்புறம் முன்சீட்டில், வண்டிகள் வராத இடத்தில், பின்னால் பழகிய ஸ்டோக்கரை வைத்துக் கிளம்புவதையும் நிற்பதையும் மட்டும் இருபது முறை செய்யுங்கள். வளைவுகளை அகலமாக எடுங்கள், வண்டி நீளமானது. செய்வதற்கு முன் சொல்லுங்கள், செய்த பிறகு சொல்வதால் பயனில்லை. முதல் நாள் ஐந்து கிலோமீட்டர் போதும். இறங்கியதும் ஸ்டோக்கரிடம் எங்கெல்லாம் சொல்ல மறந்தீர்கள் என்று கேளுங்கள். "எல்லாம் நன்றாக இருந்தது" என்று சொன்னால், இன்னொரு முறை கேளுங்கள்.